அடுக்கில் இல்லாத படங்கள்

(திருவண்ணாமலையில் நூலக வாசகர்கள் கூடிய கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்.)



சினிமா என்றால் கூடுகிற கூட்டம் நூலகம் என்றால் கூடாது. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டதால் பாதிக் கூட்டமாவது வந்திருக்கிறது. தலைப்பில் 'பால்புதுமையர்' என்றும் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு வராமல் போனவர்கள் மீதிப் பாதி என்று வைத்துக்கொள்வோம். திருநங்கைகள், திருநம்பிகள், தன்பாலினத்தவரை நேசிப்பவர்கள் ஆகியோரைப் பற்றிய படங்களை ஒரு நூலகர் ஏன் தேடிச் சேர்க்க வேண்டும், ஏன் நாற்காலி போட்டு மக்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும், அதுவும் அண்ணாமலையார் குடியிருக்கிற ஊரில்? இதுதான் இன்றைய பேச்சு.

ஒரு சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 1954-இல் நாடாளுமன்றம் நூல் வழங்கல் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் யார் புத்தகம் வெளியிட்டாலும் ஒரு படியை சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். கொல்கத்தா, மும்பை, தில்லி நூலகங்களுக்கும் அப்படியே. பேருந்து நிலையத்தில் விற்கிற பஞ்சபட்சி சாத்திரத்துக்கும் இந்த மரியாதை உண்டு. சினிமாவுக்குக் கிடையாது. புனேயில் 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தேசிய விருது வாங்கிய படங்களைப் பாதுகாக்கிறது, வேறு பலவற்றையும் தேடிப் பிடித்து வைக்கிறது. ஆனால் எல்லாப் படங்களும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் என்ன ஆகிறது? ஒரு பெண் இன்னொரு பெண்ணோடு வாழ்ந்த கதையை யாரோ கடன் வாங்கி இருபது நிமிட ஆவணப்படமாக எடுக்கிறார். ஒரு விழாவில் ஓடுகிறது. கைதட்டுகிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து அந்தப் படம் இயக்குநரின் ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறது. ஹார்டு டிஸ்க் செத்தால் படமும் செத்தது.

நூலகத்தில் வேலை பார்த்தவனுக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அடுக்கில் இல்லாத ஒன்றை யாரும் வந்து கேட்க மாட்டார்கள். யாரும் கேட்கவில்லை என்பதையே காரணமாகச் சொல்லி நாங்களும் வாங்க மாட்டோம். இந்தச் சுழலை முதலில் உடைக்க வேண்டியவர் வாசகர் இல்லை, நூலகர்.

இதையே கதையாக வைத்து ஒரு படம் வந்திருக்கிறது. 1996-இல் அமெரிக்காவில் செரில் டன்யே இயக்கிய 'தி வாட்டர்மெலன் வுமன்'. பெண்ணை நேசிப்பவள் என்று தன்னை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட கறுப்பினப் பெண் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளப் படம் என்று அதைச் சொல்கிறார்கள். ஃபிலடெல்ஃபியாவில் வீடியோ கேசட் வாடகைக் கடையில் வேலை பார்க்கிற ஓர் இளம்பெண், அவளும் கறுப்பினப் பெண், 1930-களில் வந்த ஒரு படத்தில் வேலைக்காரியாக வரும் கறுப்பின நடிகையைப் பார்த்து மயங்கிவிடுகிறாள். யார் இவள்? எழுத்துப் போடும்போது பெயர் வராது, 'தர்ப்பூசணிப் பெண்' என்று மட்டும் வரும். தேடக் கிளம்புகிறாள். நூலகத்துக்குப் போகிறாள், உருப்படியாக ஒன்றும் கிடைப்பதில்லை. பெண்களை நேசிக்கும் பெண்களுக்காகவே நடக்கிற ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறாள். அங்கே கறுப்பினப் பெண்களின் படங்கள் ஒழுங்கு செய்யப்படாமல் பெட்டியில் கிடக்கின்றன. ஒதுக்கப்பட்டவர்கள் நடத்துகிற இடத்திலும் ஒதுக்கப்பட்ட ஒரு பெட்டி! படத்தின் முடிவில் இயக்குநர் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறார்: அப்படி ஒரு நடிகை இருந்ததே இல்லை. புகைப்படம் உட்பட எல்லாமே படத்துக்காக உண்டாக்கியவை. ஆவணம் கிடைக்காததால் ஒரு மூதாதையைக் கற்பனை செய்துகொண்டார்.

அந்தப் படத்துக்கு அரசுக் கலை நிதியிலிருந்து 31,500 டாலர் கிடைத்தது. மக்கள் வரிப்பணத்தில் இதுவா என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் சத்தம் போட்டார்கள். அதே படத்தை 2021-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசியத் திரைப்படப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. எந்த நூலகத்தின் பெயரில் இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். இருபத்தைந்து வருடம் ஆனது, பரவாயில்லை. மார்லன் ரிக்ஸ் 1989-இல் எடுத்த 'டங்ஸ் அன்டைட்' படத்துக்கும் அதே கதைதான். கறுப்பின ஆண்கள் ஆண்களை நேசிப்பதைப் பற்றிக் கவிதையும் பேச்சுமாக எடுத்த படம். பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது பல நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. 2022-இல் அதுவும் பட்டியலுக்குள் வந்துவிட்டது. ரிக்ஸ் 1994-லேயே எய்ட்ஸ் நோயில் இறந்துவிட்டார்.

இந்தப் படங்களை அந்த நாட்டில் உயிரோடு வைத்திருந்தவர்களில் நூலகர்களும் உண்டு. அங்கே பல பல்கலைக்கழக நூலகங்களில் படங்களுக்கென்றே ஒரு நூலகர் இருப்பார். வகுப்பில் காட்டும் உரிமையோடு படத்தை வாங்குவது, பட்டியல் போடுவது, ஆசிரியர்களுக்கு எழுதி 'இதை வைத்துப் பாடம் நடத்துங்களேன்' என்று நச்சரிப்பது எல்லாம் அவர் வேலை. அப்படிப் பட்டியல் போடும்போது வெள்ளையரல்லாத பால்புதுமையர் பற்றிய படங்களுக்குத் தனிப் பட்டியல் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பொதுவாக 'பால்புதுமையர் படங்கள்' என்று பட்டியல் போட்டால் அதில் நகரத்து வெள்ளைக்கார ஆண்களின் காதலே முக்கால்வாசி வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதுதான் பதில். சிங்கப்பூரில் பிறந்த மேடலின் லிம் என்ற பெண் சான் ஃபிரான்சிஸ்கோவில் 2000-இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, வெள்ளையரல்லாத பால்புதுமைப் பெண்களுக்கு இலவசமாகப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் முன்பு எடுத்த 'சம்பல் பெலாச்சான் இன் சான் ஃபிரான்சிஸ்கோ' படத்தைச் சிங்கப்பூர் தடை செய்திருந்தது. ஊரில் காட்ட முடியாததை இன்னோர் ஊரில் காட்டினார்.

நிறத்தை வைத்துப் பார்த்தால் நாம் எல்லோரும் அந்தப் பட்டியலில் வருகிறோம், சந்தோஷம். ஆனால் நம் வீட்டுக்குள் நிறத்தின் வேலையைச் சாதி பார்க்கிறது. ஆகவே இங்கே ஒரு நூலகர் பட்டியல் போட்டால், பெசன்ட் நகர் காதல் ஒன்று, மும்பை அடுக்குமாடிக் காதல் இரண்டு என்று போட்டு முடித்துவிடக் கூடாது. சேரியில் பிறந்த திருநங்கை எங்கே, கடற்கரைக் குப்பத்துப் பெண் எங்கே என்று தேட வேண்டும். தேடினால் இருக்கிறார்கள்.

சொர்ணவேல் ஈஸ்வரன் இயக்கிய 'கட்டுமரம்' 2019-இல் வந்தது. அமெரிக்காவில் பேராசிரியராக இருப்பவர், கதையை மட்டும் தமிழ்க் கடற்கரையில் கொண்டுவந்து வைத்தார். மீனவ கிராமத்துப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார் மாமன், அந்த வேடத்தில் மிஷ்கின் நடித்திருக்கிறார். அவளுக்கோ இன்னொரு பெண் மேல் மனது. மாலினி ஜீவரத்தினம் 2017-இல் எடுத்த 'லேடீஸ் அண்ட் ஜென்டில்விமன்' தமிழ்நாட்டில் பெண்களை நேசிக்கும் பெண்களைப் பற்றிய ஆவணப்படம். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் நிறுவனம் தயாரித்தது. இந்த இரண்டையும் இந்த அறையில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். லிவிங் ஸ்மைல் வித்யா எழுதிய 'நான் வித்யா' 2007 வாக்கில் கிழக்கு பதிப்பகம் வெளியிட்ட நூல். திருச்சிக்காரர், தலித் குடும்பத்தில் பிறந்த திருநங்கை, முதுகலை படித்தவர், ரயிலில் கையேந்தியும் பிழைத்தவர். அந்தப் புத்தகம் கன்னடத்துக்குப் போனது. அதிலிருந்து பி. எஸ். லிங்கதேவரு 'நானு அவனல்ல, அவளு' என்று படம் எடுத்தார். அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்கு 2014-ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. தமிழ்ப் பெண் ஒருத்தி தமிழில் எழுதிய வாழ்க்கை, கன்னடப் படமாகி விருது வாங்கியது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? நூலகர் செய்ய வேண்டியது சின்ன வேலை: புத்தகத்தின் பக்கத்தில் அந்தப் படத்தை வைப்பது. புத்தகம் எடுக்க வருகிறவர் கண்ணில் படமும் படும்.

'நான் வித்யா'வைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். என் பணிக்காலத்தில் அந்தப் புத்தகம் தன் இடத்தில் இருந்ததே குறைவு. யாரும் எடுத்துப் போயிருக்க மாட்டார்கள், பதிவேட்டில் இருக்காது. தேடினால் சமையல் குறிப்பு அடுக்கிலோ, போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்குப் பின்னாலோ கிடைக்கும். ஆரம்பத்தில் பொறுப்பில்லாத வாசகர்கள் என்று திட்டிக்கொண்டே திருப்பி வைப்பேன். பிறகுதான் புரிந்தது. யாரோ அதை அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறார்கள். வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. நாளை வந்தால் கிடைக்க வேண்டுமே என்று ஒளித்துவைக்கிறார்கள். அதற்கப்புறம் திருப்பி வைப்பதை நிறுத்திவிட்டேன். இருந்த இடத்திலேயே விட்டுவிடுவேன். நூலக விதிப்படி அது தப்பு.

இப்போது கோயிலுக்கு வருவோம், வராமல் இந்த ஊரில் எந்தப் பேச்சும் முடியாது.

கார்த்திகைத் தீபத்தன்று மாலை, மலையில் தீபம் ஏற்றுவதற்குச் சற்று முன், அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குள்ளிருந்து வெளியே வருவார். வருடத்தில் அந்த ஒரு நாள்தான், அதுவும் சில நிமிடங்கள்தான். லட்சக்கணக்கான பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். பவழக்குன்றில் தவமிருந்து அம்பிகை இடப்பாகம் பெற்ற தலம் இது என்று தலபுராணம். ஆகவே இந்த ஊருக்கு ஆணும் பெண்ணும் கலந்த உருவம் புதிதில்லை, நம் பண்பாட்டிலேயே எல்லாம் இருக்கிறது என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவது சுலபம். நான் சொல்ல மாட்டேன். பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் திருநங்கைகளிடம் தலையைக் காட்டி ஆசி வாங்குகிற அதே மனிதரிடம், மறுநாள் காலை ஒரு திருநங்கை போய் 'வீடு வாடகைக்கு இருக்கா அண்ணா' என்று கேட்டுப் பார்க்கட்டும்.

கேட்டுப் பார்த்தவர்களைப் பற்றித்தான் லீனா மணிமேகலை 2017-இல் 'இஸ் இட் டூ மச் டு ஆஸ்க்' என்ற ஆவணப்படம் எடுத்தார். சென்னையில் இரண்டு திருநங்கைகள் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள். ஒருவர் நான் இப்போது சொன்ன வித்யா, இன்னொருவர் ஏஞ்சல் கிளாடி. இருவரும் நாடகக்காரர்கள். ஒரு வீடு, அவ்வளவுதான் கதை. நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும் படம். சாமியைப் பற்றிய எந்தச் சொற்பொழிவைவிடவும் அந்த நடையில் நாம் யார் என்று தெரிந்துவிடும். திருவண்ணாமலை வாசகர்களுக்கு முதலில் எதைக் காட்டுவீர்கள் என்று கேட்டால், இரண்டாவதாக இதைச் சொல்வேன்.

முதலாவது 'அம்மாஸ் பிரைட்'. ஷிவா கிரிஷ் இயக்கி 2024-இல் விழாக்களுக்கு வந்த குறும் ஆவணப்படம். தூத்துக்குடி ஸ்ரீஜாவையும் அவருடைய அம்மா வள்ளியையும் பற்றியது. இந்தக் கதையும் ஒரு கோயிலில்தான் தொடங்குகிறது. 2018 அக்டோபர் 31 அன்று தூத்துக்குடி சங்கர ராமேசுவரர் கோயிலில் ஸ்ரீஜாவுக்கும் அருண்குமாருக்கும் கல்யாணம். பதிவு செய்யப் போனால் பதிவாளர் மறுக்கிறார். வழக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பளித்தார்: இந்துத் திருமணச் சட்டம் 'மணமகள்' என்று சொல்வது திருநங்கையையும் சேர்த்துத்தான், பதிவு செய்யுங்கள். அதே தீர்ப்பில், இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையில்லாத பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்வதைத் தடுக்கவும் உத்தரவிட்டார். தமிழக அரசு அந்த ஆண்டே அதற்கு ஆணை போட்டது. சட்டக் கல்லூரியில் இந்தத் தீர்ப்பைப் பாடமாக வாசிப்பார்கள். ஆனால் வள்ளியம்மா பேசுவதைக் கேட்டால் நம் வீட்டு அம்மாக்களுக்குத் தீர்ப்பு நகல் வேண்டாம். மகளுக்காகக் கோயிலுக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்த ஒரு தாய், தமிழில், நம்மைப் போலவே பேசுகிறார். இதைவிட நல்ல தொடக்கம் வேறென்ன?

பெரிய படங்கள் இருக்கிறதே, அவற்றை ஏன் சொல்லவில்லை என்று நினைக்கலாம். சொல்கிறேன். 'காதல் தி கோர்' 2023-இல் ஜியோ பேபி இயக்கிய மலையாளப் படம். ஊராட்சித் தேர்தலில் நிற்கிற, ஆணை நேசிக்கிற நடுவயதுக் குடும்பஸ்தராக மம்மூட்டி. விவாகரத்துக் கேட்கும் மனைவியாக ஜோதிகா. யாரையும் வில்லனாக்காத படம். குடும்பத்தோடு வந்து பார்க்கலாம். 'அருவி'யில் எமிலியாக அஞ்சலி வரதன், 'பேரன்பு'வில் மீராவாக அஞ்சலி அமீர், அதற்கு முன் 2011-இல் 'நர்த்தகி'யில் கல்கி சுப்ரமணியம் என்று திருநங்கைகளே நடித்த தமிழ்ப் படங்களும் உண்டு. 2019-இல் வந்த 'சூப்பர் டீலக்ஸ்' ஷில்பாவுக்காக விஜய் சேதுபதிக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தப் பாத்திரம் குழந்தை கடத்தலுக்குத் துணைபோனதாகச் சொல்கிற இடம் திருநங்கைகளைக் காயப்படுத்தியது. அவர்கள் அதை வெளிப்படையாகவே சொன்னார்கள். எனக்கும் அந்தப் படத்தைக் கொண்டாட மனது வரவில்லை. கமல் துப்பறிந்த 'வேட்டையாடு விளையாடு' கொலைகாரர்களை நினைவிருக்கிறதா? 2006-இல் தியேட்டரில் அந்த இருவரின் உறவைக் காட்டிச் சிரிப்பு வாங்கியபோது, இருட்டில் உட்கார்ந்திருந்த எத்தனை பையன்கள் சிரிப்பதுபோல் நடித்திருப்பார்கள்?

அப்படியானால் இந்தப் படங்களை நூலகத்தில் வைக்கக் கூடாதா? வைக்க வேண்டும். கெட்டதையும் சேர்த்து வைத்தால்தான் நல்லது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தெரியும். நூலகர் தணிக்கை அதிகாரி இல்லை. எதை முதல் வெள்ளிக்கிழமை காட்டுவது, யாரைப் பேச அழைப்பது என்பதில்தான் அவர் தன் தீர்ப்பைக் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் இதையெல்லாம் யாருமே செய்யவில்லை என்று நான் சொன்னால் அது பொய். ஓரினம் அமைப்பு 2013-இல் சென்னையில் 'ரீல் டிசயர்ஸ்' என்ற திரைப்பட விழாவைத் தொடங்கியது. அது கோத்தே இன்ஸ்டிடியூட் அரங்கில் நடந்து வந்திருக்கிறது. மும்பையில் 'காஷிஷ்' 2010-லிருந்து நடக்கிறது. ஆனால் விழா என்பது சில நாள் கூத்து. கீழ்ப்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெண் வீட்டில் பொய் சொல்லிவிட்டு நுங்கம்பாக்கம் போய்ப் படம் பார்த்துத் திரும்ப முடியுமா? மதுரையில் எழுத்தாளர் பிரியா பாபு நடத்துகிற திருநங்கையர் ஆவண மையம்தான் நான் சொல்கிற வேலைக்கு மிக அருகில் வருகிறது. நூல், நாளிதழ்த் துணுக்கு, ஆய்வேடு, ஆவணப்படம் என்று திருநங்கைகளைப் பற்றிய எல்லாவற்றையும் ஒரு திருநங்கையே சேர்த்துவைக்கிறார். நூலக அறிவியல் பட்டம் வைத்திருக்கும் நாங்கள் செய்திருக்க வேண்டியதை 'மூன்றாம் பாலின் முகம்' எழுதிய நாவலாசிரியர் செய்துகொண்டிருக்கிறார். எங்கள் துறைக்கு இது பெருமையான செய்தி இல்லை.

எங்கள் துறையின் பழைய கணக்கும் ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்க நூலகங்களில் நூல்களுக்கு எண் போடப் புழங்கும் டூயி வகைப்பாட்டின் 1932 பதிப்பில், ஒருபால் நேசம் பற்றிய நூல்களை மனக்கோளாறு பற்றிய நூல்களோடு வைத்தார்கள். இன்றைக்கு 306.76, அதாவது சமூக வாழ்வு, குடும்பம் பற்றிய நூல்களின் பக்கத்தில். ஒரு எண்ணை மாற்றப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அந்தக் காலத்தில் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள நூலகத்துக்கு வந்த பையன், நோய்களின் அடுக்குக்கு முன்னால் போய் நின்றிருப்பான். அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர் எங்களைப் போன்ற ஒரு நூலகர்.

அதனால்தான் சின்னச் சின்ன விஷயங்களில் கவனமாக இருக்கச் சொல்கிறேன். நம் நூலக வாசலில் வருகைப் பதிவேடு இருக்கும்: பெயர், ஊர், கையெழுத்து. முந்தின ஆள் யாரென்று அடுத்த ஆளுக்குத் தெரியும். இந்தத் திரையிடல்களுக்கு அந்த நோட்டை நீட்டாதீர்கள், தலையை எண்ணிக்கொண்டால் போதும். நிகழ்ச்சி முடிந்ததும் பத்திரிகைக்கு அனுப்பப் பார்வையாளர் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். திரையை எடுங்கள், பேசியவரை எடுங்கள். சின்ன ஊரில் ஒரு போட்டோ போதும், ஒருவர் வேலையையும் வீட்டையும் இழக்க.

அனுமதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது காவல் நிலையத்தில் போய் நிற்கக் கூடாது. வீட்டில் நெட்ஃபிளிக்ஸுக்குப் பணம் கட்டியிருக்கிறோம் என்பதற்காக அதை நூலகச் சுவரில் போட்டுக் காட்ட முடியாது, சந்தா வீட்டுக்கு மட்டும்தான். உரிமையாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும். ஆவணப்பட இயக்குநர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். காட்டத்தானே எடுத்தார்கள்? பொதுவில் திரையிடத் தணிக்கைச் சான்று வேண்டும். விழாவாக நடத்தினால் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குப் பெறலாம். 2024 விதிகளுக்குப் பிறகு சான்றிதழில் ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயதுப் பிரிவுகளும் வந்துவிட்டன. பெற்றோர் கேட்டால் அதைக் காட்டலாம்.

பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பவர்களுக்கு நான் நீண்ட பதில் வைத்திருக்கவில்லை. 2021-இல் இரண்டு பெண்கள் பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்து நீதிமன்றத்தில் நின்றபோது, நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயம் சரியாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு எழுதினார். ஓர் உயர்நீதிமன்ற நீதிபதி கற்றுக்கொள்ளலாம் என்றால் நாமும் கற்றுக்கொள்ளலாம். அந்த வாய்ப்பு கிடைக்கிற இலவசமான இடம் நூலகம்.

வெளிநாட்டுப் படமெல்லாம் நம் மக்களுக்குப் புரியுமா என்ற சந்தேகம்தான் எனக்கு வேடிக்கை. இந்த மாவட்டத்துப் புரிசையில் கூத்துக் கட்டுகிறவர்கள் கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸின் கதையைத் தெருக்கூத்தாக்கி ஆடியிருக்கிறார்கள். கொலம்பியா வரைக்கும் கொண்டுபோய் ஆடிக் காட்டினார்கள். இரவு முழுக்க உட்கார்ந்து, ஆண் ஒருவர் வேடம் கட்டி ஆடிய திரௌபதிக்காக அழுத சனம் நாம். கலை இலக்கிய இரவு என்று விடிய விடிய உட்கார்ந்த ஊர் இது. 'மூன்லைட்' என்ற அமெரிக்கப் படத்தில் வருகிற கறுப்பினச் சிறுவன் கடலில் நீச்சல் கற்றுக்கொள்வதைப் பார்த்து இந்த ஊருக்குப் புரியாதா? தமிழில் கீழே எழுத்துப் போட்டால் போதும். அதுவும் இல்லையென்றால் படம் தொடங்குமுன் ஒருவர் எழுந்து ஐந்து நிமிடம் கதை சொல்லட்டும், கூத்தில் கட்டியங்காரன் சொல்வதுபோல.

தமிழ்தான் முக்கியம் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' நாவல் 1994-இல் வந்தது. கொழும்புத் தமிழ்ப் பையன் ஒருவன், ஆண்களை நேசிப்பவன், 1983 இனக்கலவரத்தை நோக்கி வளர்கிற கதை. தீபா மேத்தா 2020-இல் அதைப் படமாக்கினார். ஈழத்தமிழர் பலர், முக்கியமாகக் கனடாவில், கொதித்துப்போனார்கள். காரணம் பையன் யாரை நேசிக்கிறான் என்பதில்லை. படத்தில் பேசிய தமிழ் தமிழாகவே இல்லை, நடித்தவர்களில் தமிழர் குறைவு. நம் கதையை நம் வாயால் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நியாயமான கோபம். அந்தப் படத்தையும் காட்ட வேண்டும், அந்தக் கோபத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கான ஐந்து விதிகளை நூலாக வெளியிட்ட ஆண்டு 1931. மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூலகம் புறப்பட்டதும் அதே ஆண்டில்தான். வாசகர் வராவிட்டால் நூலகம் அவரிடம் போகட்டும் என்று நினைத்தவர்கள் அந்த வண்டியைக் கிளப்பியவர்கள். அன்றைக்கு மாடு இழுத்த பாரத்தோடு ஒப்பிட்டால் ஒரு புரொஜெக்டர் என்ன கனம்? 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின்படி நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டி வருகிறோம். திருநங்கை குடியிருக்கும் வீட்டுக்கும் அந்த வரி உண்டு. அவரைப் பற்றிய ஒரு படம் அந்த வரியில் வாங்கப்படவில்லையென்றால் கணக்கில் எங்கோ தப்பு.

ஆகவே ஒரு வேண்டுகோள். நூலகத்தில் வாசகர்கள் தங்களுக்கு வேண்டிய நூல்களை எழுதுகிற பரிந்துரை நோட்டு ஒன்று இருக்கும். கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள். அதில் புத்தகம் மட்டும்தான் எழுத வேண்டும் என்று எங்கும் விதியில்லை. 'அம்மாஸ் பிரைட்', 'இஸ் இட் டூ மச் டு ஆஸ்க்', 'லேடீஸ் அண்ட் ஜென்டில்விமன்', 'கட்டுமரம்', 'நானு அவனல்ல, அவளு' என்று இந்த ஐந்து பெயர்களை எழுதிவிட்டுப் போங்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்கள் 'ஒரு வாசகர்' என்று போடுங்கள். பத்துப் பேர் எழுதிவிட்டால் எந்த நூலகராலும் 'யாரும் கேட்கவில்லை' என்று சொல்ல முடியாது.